பிடித்த காசைத் திரும்பக் கேட்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் ஊர்தான் வேறு வேறு, விஷயம் ஒன்றுதான். பாஸ்புக் என்ட்ரி போட்டேன், காசு குறைகிறது, வீட்டில் கஷ்டம், கேட்டால் திரும்பத் தருவார்களா? வங்கிக் கவுன்டருக்கு உள்பக்கம் பல வருடம் உட்கார்ந்து இதே காசைப் பிடித்தவன் நான். அந்தப் பாவத்துக்குக் கொஞ்சம் பரிகாரமாக இந்த இதழ் முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகள் அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்.

எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை. இலைக்காசு வர ஒரு தனியார் வங்கியில் கணக்கு வைத்திருக்கிறோம். போன வருடம் வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன், ஆறு மாதம் அவரால் தோட்டத்துப் பக்கமே போக முடியவில்லை. இப்போது பாஸ்புக் போட்டால் 354 ரூபாய் வீதம் பதினொரு தடவை பிடித்திருக்கிறார்கள். 5,000 மினிமம் பேலன்ஸ் வைக்கவில்லையாம். கஷ்டத்தைச் சொல்லிக் கேட்டால் தருவார்களா சார்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

அம்மா, கெட்ட சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் கஷ்டத்தில் இருக்கிறார் என்பதற்காக மினிமம் பேலன்ஸ் அபராதத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் எந்த வங்கி விதியும் இல்லை. மேலாளர் மனது வைத்தால் தரலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காசை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு, அதைச் சரியாகப் பின்பற்றாமல் பிடித்திருந்தால் நீங்கள் கேட்பது தயவு இல்லை, உங்கள் காசு. அதனால் கடிதத்தில் முதலில் விதியைப் பேசுங்கள், அப்புறம் கஷ்டத்தைப் பேசுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், "சிஸ்டம் பிடிக்குதும்மா, நான் என்ன பண்றது" என்ற பதிலோடு கீழே இறங்கிவிடுகிறார்கள்.

விதி இதுதான். 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னது, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இருப்பு குறைந்துவிட்டால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்ன நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால்தான் பிடிக்கலாம். பிடிக்கும் தொகை எவ்வளவு குறைந்ததோ அதற்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். அபராதத்தைப் பிடித்துப் பிடித்தே கணக்கை மைனஸில் தள்ளக் கூடாது.

உங்கள் பாஸ்புக்கில் எனக்கு உடனே உறுத்துவது அந்த 354 என்ற எண். 300 ரூபாய் அபராதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 54. சரி. ஆனால் பதினொரு மாதமும் அச்சுப் பிசகாமல் அதே 354 எப்படி வரும்? ஒரு மாதம் நாலாயிரம் குறைந்திருக்கும், ஒரு மாதம் ஆயிரம்தான் குறைந்திருக்கும். குறைவுக்கு ஏற்ற அபராதம் என்றால் தொகை ஏறி இறங்க வேண்டாமா? குறைவை அடுக்கு அடுக்காகப் பிரித்து, அடுக்குக்கு ஒரு தொகை என்று பிடிக்க வங்கிக்கு அனுமதி உண்டு என்பதால் எல்லா மாதமும் நீங்கள் மேலடுக்கிலேயே இருந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் "தப்பு" என்று சண்டைக்குப் போகாமல், "மாத வாரியாக என் சராசரி இருப்பு எவ்வளவு, எந்த அடுக்கில் பிடித்தீர்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வைத்தாலே ஒன்றிரண்டு மாதம் உதிரும்.

இரண்டாவது, அந்த ஒரு மாத நோட்டீஸ். உங்களுக்கு எஸ்எம்எஸ் வந்ததா? கணக்கு ஆரம்பிக்கும்போது கொடுத்த நம்பர் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா? நம் பக்கத்தில் இதுதான் பெரிய ஓட்டை. கணக்கு திறக்கும் அவசரத்தில் ஏஜென்ட் நம்பரையோ, வெளியூரில் படிக்கும் பையன் நம்பரையோ எழுதிவிடுவது, அப்புறம் வங்கியின் சேதி எல்லாம் அங்கே போய்க்கொண்டிருப்பது. நம்பரை மாற்றாதது நம் தவறு என்று வங்கி சொல்லும், பாதி நியாயம்தான். இருந்தாலும் எந்த நம்பருக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அனுப்பவே இல்லை என்றால் அந்த மாத அபராதம் நிற்காது.

கடிதம் இப்படி இருக்கட்டும், இதையே பார்த்து எழுதிக்கொள்ளலாம்:

"மேலாளர் அவர்களுக்கு. என் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பதினொரு தடவையாக மொத்தம் 3,894 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. பாஸ்புக் நகல் இணைத்துள்ளேன். ஒவ்வொரு தடவையும் பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்பு எனக்குத் தகவல் கொடுத்த தேதி, கொடுத்த விதம், அந்த மாத சராசரி இருப்பு, அபராதம் கணக்கிட்ட முறை ஆகியவற்றை எழுத்தில் தரவும். முன்தகவல் இல்லாமல் பிடித்ததை ஜிஎஸ்டியோடு சேர்த்துக் கணக்கில் வரவு வைக்கவும். மீதித் தொகையைப் பொறுத்தவரை, என் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்து ஆறு மாதம் வருமானம் இல்லாமல் இருந்தோம். மருத்துவமனைச் சுருக்க அறிக்கையும் இலை எடை ரசீதுகளும் இணைத்துள்ளேன். நிலைமையைக் கருதி அதையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கணக்கை மினிமம் பேலன்ஸ் இல்லாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும்."

அவ்வளவு போதும். ரேஷன் கார்டு என்ன நிறம், மாமியாருக்கு சர்க்கரை எவ்வளவு என்றெல்லாம் நாலு பக்கம் எழுதினால் யாரும் படிப்பதில்லை. நான் குன்னூர்ப் பக்கம் ஒரு கிளையில் இருந்தபோது ஒரு அம்மா தினமும் வந்து அழுதுவிட்டுப் போவார், ஒன்றும் நடக்கவில்லை. அதே மாதம் இன்னொருவர் பிளாஸ்டிக் கவரில் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரே பக்கத்தில் தேதி தேதியாக எழுதிய தொகைகளும் கொண்டுவந்தார். மேலாளர் ஒரு வார்த்தை பேசாமல் மூன்று மாத அபராதத்தை ரிவர்ஸ் செய்யச் சொன்னார். கல்நெஞ்சம், நல்ல நெஞ்சம் என்று இதைப் பிரிக்காதீர்கள். அவர் மேலே காரணம் காட்ட வேண்டும், அதற்குக் கையில் காகிதம் வேண்டும். அழுத அம்மாவை நான்தான் "போய்ட்டு நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவைத்தேன், அது இன்னும் மனதில் இருக்கிறது.

கடைசி வரியை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும் காசைவிட அதுதான் முக்கியம். அடிப்படை சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு, தனியார் வங்கியிலும்தான். மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏடிஎம் கார்டுக்குக் காசு கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் பணம் போடலாம், மாதத்துக்கு நாலு தடவையாவது இலவசமாக எடுக்கலாம். இலைக்காசு மாதம் ஒரு தடவை வரும் வீட்டுக்கு இது தாராளம். முக்கிய நிபந்தனை, அதே வங்கியில் உங்கள் பேரில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. கவுன்டரில் சிலர் "அதுல மாசம் பத்தாயிரம்தாம்மா எடுக்க முடியும்" என்று பயமுறுத்துவார்கள். அந்த வரம்பு முழு ஆவணம் இல்லாமல் திறக்கிற சின்னக் கணக்குக்கு. ஆதாரும் பிற ஆவணமும் கொடுத்து முழு கேஒய்சி முடித்தவர்களுக்குக் கிடையாது.

வேறு வங்கிக்கே மாறிவிடலாமா என்றால் அதுவும் வழிதான். ஸ்டேட் வங்கி 2020-லேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி மூன்றும் 2025-ல் எடுத்தன. அதற்கு முன்பு 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து நிதியாண்டில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இந்த வகையில் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. கணக்கில் காசு இல்லாதவர்களிடம் இருந்து 8,500 கோடி!

மாறும்வரைக்கும் ஒரு சின்ன உபாயம். வங்கி பார்ப்பது தினமும் இரவு கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்பதை. எல்லா நாளையும் கூட்டி மாத நாள் எண்ணிக்கையால் வகுப்பதுதான் சராசரி. 9,000 இலைக்காசு வந்து ஒரே இரவு நின்று மறுநாள் எடுத்துவிட்டால் சராசரி வெறும் 300. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட 15,000 சேர்ந்திருக்கிறது, பத்து நாள் கழித்துத்தான் கட்ட வேண்டும் என்றால் அதை வீட்டில் வைக்காமல் கணக்கிலேயே விடுங்கள், அந்தப் பத்து நாளே 30 நாள் மாதத்துக்கு 5,000 சராசரியைக் கொடுத்துவிடும்.

கூடலூரில் ஜீப் ஓட்டுகிறேன் அண்ணா. ஃபைனான்ஸில் எடுத்த வண்டி. ஜூலை, ஆகஸ்டில் மழை, ரோடு அடைப்பு, டூரிஸ்ட் இல்லை. இஎம்ஐ பவுன்ஸ் ஆனால் வங்கி 590 பிடிக்கிறது, ஃபைனான்ஸ்காரர் தனியாகப் பிடிக்கிறார். ஒரே மாதத்தில் மூன்று தடவை அனுப்பி மூன்று தடவையும் பவுன்ஸ். இஎம்ஐயைவிட இதற்கே அழுகிறேன்.
– ஒரு ஓட்டுநர், கூடலூர்

தம்பி, உங்களிடம் காசு பிடிப்பது இரண்டு பேர், இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். 590 என்பது 500-ம் அதற்கான ஜிஎஸ்டியும். வங்கியைப் பொறுத்தவரை இஎம்ஐ கேட்டு உத்தரவு வந்தது, காசு இல்லை, திருப்பியது, அதற்குக் கூலி. அங்கே போய் வாதாடி அதிகம் கிடைக்காது. ஒரு தடவை, நல்ல பெயர் உள்ள கணக்கு என்றால் ஒன்றைத் திருப்பித் தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் பிடிக்க வேண்டிய ஆள் ஃபைனான்ஸ் நிறுவனம். ஒரே மாதத்தில் மூன்று தடவை உத்தரவை அனுப்புவது அவர்கள் முடிவு. "இந்த மாத இஎம்ஐ தேதியில் கணக்கில் காசு இருக்காது, இன்ன தேதிக்குள் நேரில் அல்லது யுபிஐயில் கட்டிவிடுகிறேன், திரும்பத் திரும்ப உத்தரவை அனுப்பாதீர்கள்" என்று தேதிக்கு முன்னாலேயே மின்னஞ்சல் போடுங்கள். போனில் கலெக்‌ஷன் பையனிடம் சொன்னது கணக்கில் வராது, அவன் அடுத்த மாதம் வேறு நிறுவனத்தில் இருப்பான்.

அப்புறம் கடன் ஸ்டேட்மென்ட் முழுசாக வாங்குங்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு ஒன்று உண்டு: தவணை தவறினால் அபராத வட்டி என்று வட்டி விகிதத்தோடு சேர்த்துப் போடக் கூடாது, அபராதக் கட்டணம் என்று தனியாகத்தான் போடலாம், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி போடக் கூடாது. புதுக் கடனுக்கு 2024 ஏப்ரல் முதலும், பழைய கடனுக்கு 2024 ஜூனுக்குள்ளும் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது என்று வரித்துறை 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஸ்டேட்மென்டில் இந்த மூன்றில் ஏதாவது இருந்தால் அதைத் திரும்பக் கேட்க உங்கள் கஷ்டத்தைச் சொல்லவே தேவையில்லை.

கஷ்டத்தைச் சொல்ல வேண்டிய இடம் வேறு. மழை மாதங்களில் வருமானம் விழும் என்பது மலையில் வண்டி ஓட்டும் எல்லாருக்கும் தெரிந்த கதை, கடன் கொடுத்தவருக்கு மட்டும் தெரியாது. இஎம்ஐ தேதியை மாற்றித் தரச் சொல்லுங்கள். தவணையைக் குறைத்துக் கடன் காலத்தை நீட்டச் சொல்லுங்கள். நீட்டினால் மொத்த வட்டி கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே சீசன் வரவையும் ஜூலை வரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் பாஸ்புக் நகல் உங்கள் பேச்சைவிடப் பலமானது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "ஆட்டோ டெபிட்டையே கேன்சல் பண்ணிட்டா முடிஞ்சது" என்று ஸ்டாண்டில் யாராவது யோசனை சொல்வார்கள். காசு இல்லாமல் இந்த மின்னணு உத்தரவு திரும்பினால் செக் பவுன்ஸ் மாதிரியே வழக்குப் போட 2007-ம் வருடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எழுத்தில் சொல்லி, வேறு வழியில் கட்டி, அப்புறம் மாற்றுங்கள்.

மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்துவிட்டார்கள். நான் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. திரும்பக் கேட்கலாமா?
– எடப்பள்ளி வாசகர்

அது அபராதம் இல்லை. பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுப் பிரீமியம். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். கூடவே 20 ரூபாய் போயிருந்தால் அது விபத்துக் காப்பீடு. எப்போதோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். போடவே இல்லை என்றால் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட முடியாவிட்டால் திருப்பித் தர வேண்டும். ஆனால் வயது 50-க்குள் என்றால் 436 ரூபாய்க்கு 2 லட்சம் வெளியே கிடைப்பது கஷ்டம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். குழந்தை பிறந்து லீவில் இருந்தபோது ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன்) எடுத்து, அதற்கு வட்டியும் கட்டணமும் ஏறிக் கிடக்கிறது. அங்கே பணக்கஷ்டம் என்று எழுதினால் வங்கி பிடித்த காசைத் திருப்பித் தரும் என்று அவள் தோழிகள் சொல்கிறார்களாம். உண்மையா? இங்கே மட்டும் ஏன் இல்லை?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, குன்னூர்

டீச்சர், தோழிகள் சொல்வது பாதி உண்மை, மீதிப் பாதி பழைய கதை. அங்கே 2006, 2007 வாக்கில் பெரிய அலையே அடித்தது. ஓவர்டிராஃப்ட் வரம்பு தாண்டினால் வங்கிகள் கொத்தாகப் பிடித்த கட்டணம் நியாயமற்றது என்று மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடிதம் எழுதினார்கள், பலருக்கு வங்கிகள் திருப்பியும் கொடுத்தன. அப்புறம் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009 நவம்பர் 25 அன்று வங்கிகள் பக்கம் தீர்ப்பானது. கட்டணம் அதிகம் என்ற காரணத்தை மட்டும் வைத்து, ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனைகளைத் தடுக்கும் அங்குள்ள நுகர்வோர் விதிமுறைகளின் கீழ் அதன் நியாயத்தைக் கேள்வி கேட்க முடியாது என்பது அதன் சாரம். எல்லாரும் ஒரே மாதிரிக் கடிதம் எழுதி வாங்கிய காலம் அன்றோடு போயிற்று.

மிஞ்சியது உங்கள் மகள் கேட்கும் வழிதான். பணக்கஷ்டத்தில் இருக்கும் வாடிக்கையாளரை வங்கி நியாயமாக நடத்த வேண்டும் என்பது அங்கே கட்டுப்பாட்டு அமைப்பின் எதிர்பார்ப்பு. கஷ்டம் என்று தெரிந்த பிறகும் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போயிருந்தால் அதைப் புகாராக எழுதலாம். அதனால் "எப்போது சொன்னாள்" என்ற தேதிதான் அவளுக்கு முக்கியம். சொல்லவே இல்லை என்றால் இன்றைக்கே சொல்லட்டும். மாத வரவு, வாடகை, குழந்தைச் செலவு, மற்றக் கடன் எல்லாம் ஒரே தாளில் எழுதி, கட்டணத்தையும் வட்டியையும் குறைக்கவோ திருப்பித் தரவோ கேட்கட்டும். வங்கி பதில் சொல்ல எட்டு வாரம். பதில் பிடிக்காவிட்டால் அதில் இருந்து ஆறு மாதத்துக்குள் அங்குள்ள நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு இல்லை. வாங்கித் தருகிறோம், கமிஷன் கொடுங்கள் என்று வரும் கம்பெனிகளை அண்ட விடாதீர்கள், அவள் எழுதப்போகும் அதே கடிதத்தைத்தான் அவர்களும் எழுதுவார்கள்.

2020 ஏப்ரல் முதல் அங்கே ஓவர்டிராஃப்டுக்குத் தினக் கட்டணம், மாதக் கட்டணம் எல்லாம் போய் வருட வட்டி மட்டும்தான். ஆகவே பிடித்ததில் எது வட்டி, எது பழைய கட்டணம், எது ஒரு பட்டுவாடா திரும்பியதற்கான கட்டணம் என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு கடன்களும் நெருக்கினால் இங்கிலாந்து, வேல்ஸில் 60 நாள் மூச்சுவிடும் அவகாசத் திட்டம் ஒன்று 2021 மே மாதம் முதல் இருக்கிறது. பெரும்பாலான கடன்களுக்கு அந்த நாள்களில் வட்டியும் கட்டணமும் நிற்கும். கடன் ஆலோசகர் மூலம்தான் விண்ணப்பிக்க முடியும், இலவச ஆலோசகர்கள் அங்கே தாராளமாக உண்டு.

இங்கே மட்டும் ஏன் இல்லை என்கிறீர்கள். நம் ஊரில் கஷ்டத்தைக் கண்டுபிடிப்பது வங்கியின் வேலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எழுத வேண்டும் என்பது என் கட்சி. மூன்று மாதம் தொடர்ந்து இருப்பு குறைந்தால் எஸ்எம்எஸ் அனுப்பும் அதே கம்ப்யூட்டர், "உங்களுக்கு அடிப்படைக் கணக்கு வேண்டுமா" என்றும் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பலாம். ஒரு வரி நிரல் அது.

என் அம்மாயி எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பழைய கணக்கை நாலு வருடமாகத் தொடவில்லை. இப்போது முதியோர் ஓய்வூதியத்துக்காக அதைப் புதுப்பிக்கப் போனால் மைனஸ் 1,416, கட்டினால்தான் கணக்கு ஓடும் என்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, பந்தலூர்

கட்டாதே அம்மா. ஒரு ரூபாயும் கட்டாதே. இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் எதுவும் செய்யாத கணக்கு செயல்படாத கணக்கு. அதில் மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக் கூடாது, அதைத் திரும்ப ஓட வைக்கவும் காசு கேட்கக் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி உத்தரவிலும் இது எழுத்தில் இருக்கிறது. அபராதத்தால் மைனஸ் ஆக்கக் கூடாது என்பது அதற்கும் முன்னாலேயே, மேலே கோத்தகிரி அம்மாவுக்குச் சொன்னேனே, அதே விதி. சில வங்கிகள் மைனஸ் காட்டாமல் "நிலுவை" என்று தனியாகக் குறித்து வைத்து, காசு வந்ததும் லபக் என்று எடுத்துக்கொள்ளும். பெயரை மாற்றினால் விதி மாறிவிடுமா என்று அதையும் எதிர்த்து எழுது. ஆதார், பாஸ்புக்கோடு புதிய கேஒய்சி படிவம் கொடுத்து, "அபராதத்தை நீக்கிக் கணக்கை இலவசமாகச் செயல்படுத்தவும்" என்று ஒரே வரி போதும்.

ஆனால் ஓய்வூதியத்தை அந்தக் கணக்குக்கு வர வைப்பதா என்று கேட்டால் நான் வேண்டாம் என்பேன். சண்டை முடியும்வரை பாட்டியின் காசை சண்டைக்களத்தில் கொண்டுபோய் வைப்பானேன்? தபால்காரர் மூலம் அஞ்சல் வங்கியில் இருப்புத் தேவையில்லாத கணக்கு திறக்கலாம். வீடு தேடி வரும் சேவைக்குக் கட்டணம் என்ன என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வரத் தொடங்கியபோது பல ஊர்களில் அந்த ஆயிரம் ரூபாயிலேயே வங்கிகள் பழைய அபராதத்தைப் பிடித்துக்கொண்டன, அப்படிப் பிடிக்கக் கூடாது என்று மாநில அரசே வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. முதியோர் காசுக்கும் அந்தக் கதி வர வேண்டாம்.

மஞ்சூரில் ஏடிஎம்மில் காசு இல்லை என்று வருகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்தால் மூன்றும் கணக்கில் ஏறி மாதக் கடைசியில் கட்டணம் பிடிக்கிறார்களே?
– மஞ்சூர் வாசகர்

ஏறக் கூடாது. மெஷினில் நோட்டு இல்லாதது, நெட்வொர்க் போனது, மெஷின் கோளாறு எதுவும் இலவச எண்ணிக்கையில் சேராது என்று 2019-லேயே சொல்லியாயிற்று. நம் பக்கம் உங்கள் சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து, பிற வங்கி ஏடிஎம்மில் ஐந்து இலவசம், அதற்கு மேல் 2025 மே முதல் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை, வரி தனி. தேதியும் நேரமும் உள்ள அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். சீட்டு வராவிட்டால் திரையைப் போட்டோ எடுங்கள். ஆனால் உங்கள் கணக்கில் இருப்பதைவிட அதிகமாகக் கேட்டு மெஷின் மறுத்தால் அது வேறு கணக்கு, அதற்கு வங்கி பிடிக்கும். முதலில் போனில் இருப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் சொல்வதுபோலக் கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். வாங்க மாட்டேன் என்கிறார்கள். சீல் போட்டுத் தர மாட்டார்களாம். இப்போது என்ன செய்ய?
– போன இதழ் வாசகர், ஊட்டி

மல்லுக்கட்ட வேண்டாம். ஊட்டி தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்டில் கிளை மேலாளர் பெயருக்கு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், போய்ச் சேர்ந்ததற்கான விவரத்தைப் பிரின்ட் எடுங்கள். கூடவே அந்த வங்கியின் இணையதளத்தில் புகார் பக்கத்தில் அதே விஷயத்தைப் பதிவு செய்தால் உடனே ஒரு புகார் எண் வரும், சீலைவிட அது உறுதி. அந்த நாளில் இருந்து 30 நாள் எண்ணுங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 14448-ல் கூப்பிட்டால் எப்படி என்று சொல்வார்கள், இணையத்தில் போட முடியாதவர்கள் சண்டிகர் செக்டர் 17-ல் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் அங்கே எழுதும்போது விதி மீறலை மட்டும் எழுதுங்கள். கஷ்டத்துக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்பது வங்கியின் வியாபார முடிவு என்று சொல்லி அவர்கள் மூடிவிடுவார்கள். கஷ்டம் கிளை மேலாளருக்கு, விதி குறைதீர்ப்பாளருக்கு.

வங்கியின் பதிலும் வராமல், 30 நாளும் முடியாமல் அவசரப்பட்டு மேலே அனுப்பினால் புகாரைத் திருப்பிவிடுவார்கள், திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். புகார் எண்ணையும் தேதியையும் பாஸ்புக் பின் அட்டையில் எழுதி வையுங்கள், போனில் வைத்தால் போன் தொலைந்துவிடும்.